டிரைவர் லாக்கும் ஓய்வு விதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க லாரிக் கம்பெனிகளுக்காக இரவெல்லாம் கண் விழித்து டிரைவர் லாக் (டிரைவர் எந்த நேரத்தில் என்ன செய்தார் என்ற பதிவு) பார்க்கும் வேலை இப்போது நம்மவர்கள் பலருக்குக் கிடைத்திருக்கிறது. புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் மாநில எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றும் பெரிய லாரிகளுக்கான கூட்டரசு விதிகள். பயணிகள் பேருந்துக்குக் கணக்கு வேறு.

ஓய்வு விதி ஓய்வு விதின்னு சொல்றாங்களே, மொத்தத்துல அது என்ன?

தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த டிரைவர் அதன்பின் 11 மணி நேரம் வரை வண்டி ஓட்டலாம். அந்த 11 மணியும், வேலை தொடங்கிய நிமிடத்திலிருந்து எண்ணும் 14 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். 8 மணி நேரம் ஓட்டிய பிறகு, குறைந்தது 30 நிமிடம் ஓட்டாமல் இருந்தால்தான் மேலே ஓட்டலாம். இவற்றோடு வாரக் கணக்கும் உண்டு. 7 நாளில் 60 மணி நேரம் வேலை செய்திருந்தால் அதற்குமேல் ஓட்டக்கூடாது. வாரம் முழுக்க வண்டி ஓடும் கம்பெனியாக இருந்தால் 8 நாளில் 70 மணி. தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வெடுத்தால் இந்த வாரக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் அந்த 14 மணி. ஒருவர் காலை 6 மணிக்கு வேலையைத் தொடங்குகிறார் என்று வையுங்கள். 8 மணிக்குக் கிடங்கு வாசலில் நிற்கிறார், சரக்கு ஏறி முடிய மதியம் 1 மணி ஆகிறது. இரவு 8 மணி வரை ஓட்டினால் மொத்தம் 9 மணி நேரம்தான் ஓட்டியிருப்பார். ஆனாலும் 8 மணிக்கு அவருடைய நாள் முடிந்தது. மீதி 2 மணி நேரம் போனது போனதுதான்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. 150 ஏர் மைல் (நேர்கோட்டில் அளக்கும் தூரம்) வட்டத்துக்குள்ளேயே ஓட்டிவிட்டு 14 மணி நேரத்துக்குள் கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவிடுபவருக்கு இந்த லாக்கே தேவையில்லை, கம்பெனி நேரப் பதிவு வைத்தால் போதும். வண்டி கிளம்பும்போது தெரிந்திருக்க முடியாத பனி, மூடுபனி, சாலை அடைப்பு போன்றவை வந்தால் 2 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஸ்லீப்பர், அதாவது டிரைவர் படுத்துத் தூங்கும் இடம், உள்ள வண்டியில் 10 மணி ஓய்வை 7-க்கு 3, 8-க்கு 2 என்று இரண்டாகப் பிரித்தும் எடுக்கலாம். பெரிய துண்டு ஸ்லீப்பரில் கழிந்திருக்க வேண்டும்.

லாக்குல நாலு கோடு இருக்கு. எதுல எது வரும்?

ஆஃப் டியூட்டி, ஸ்லீப்பர், டிரைவிங், ஓட்டாமல் ஆன் டியூட்டி. நாலாவதில்தான் எல்லாக் குழப்பமும். வண்டியைச் சோதிப்பது, டீசல் போடுவது, சரக்கு ஏற்றுவது, இறக்குவது, அதை மேற்பார்வையிடுவது, வழியில் பழுதாகி மெக்கானிக்குக்காக வண்டியோடு நிற்பது, எல்லாமே ஆன் டியூட்டி.

கிடங்கில் காத்திருப்பதும் பொதுவாக ஆன் டியூட்டிதான். வண்டிக்கும் சரக்குக்கும் இனி நீ பொறுப்பில்லை, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று விடுவித்திருந்தால் அதை ஆஃப் டியூட்டியாகப் போடலாம். விடுவிக்காமலே ஆஃப் டியூட்டி என்று போடுவது நீங்கள் அதிகம் பார்க்கப் போகிற பொய். வாரத்தின் 70 மணியை மிச்சம் பிடிக்கத்தான் அது.

இப்போ எல்லாம் மெஷின்தானே எழுதுது? அப்புறம் எப்படித் தப்பு வரும்?

2017 டிசம்பர் 18 முதல் இ.எல்.டி. என்ற மின்னணு லாக் கருவி கட்டாயமானது. பழைய வகைத் தானியங்கிக் கருவி வைத்திருந்தவர்களுக்கு 2019 டிசம்பர் வரை அவகாசம் தந்தார்கள். கருவி எஞ்சினோடு இணைந்திருக்கும். வண்டி மணிக்கு 5 மைல் வேகத்தைத் தொட்டால் தானாக டிரைவிங் விழும். வண்டி 5 நிமிடம் அசையாமல் நின்றால் இன்னும் ஓட்டுகிறாயா என்று கேட்கும். ஒரு நிமிடத்தில் பதில் வராவிட்டால் ஆன் டியூட்டிக்கு மாற்றிவிடும். வண்டி ஓடும்போது மணிக்கொரு முறை இருக்கும் இடத்தையும் பதியும்.

சக்கரம் சுற்றியதா இல்லையா என்பது கருவிக்குத் தெரியும். நின்ற வண்டிக்குள் இருப்பவர் தூங்கினாரா, பெட்டி இறக்கினாரா என்பது தெரியாது. அதை டிரைவர்தான் சொல்ல வேண்டும். யார் ஓட்டியது என்பதும், உள்நுழைந்த பெயரை வைத்து அது நம்பிக்கொள்வதுதான். ஆகப் பொய் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. காகித லாக் காலத்தில் ஓட்டிய நேரத்தைக் குறைத்து எழுதினார்கள். இப்போது ஓட்டாத நேரத்தின் பெயரை மாற்றுகிறார்கள்.

காகிதமும் முழுக்க ஒழியவில்லை. 2000-க்கு முந்தைய மாடல் எஞ்சின் உள்ள வண்டிகளுக்கும், 30 நாளில் 8 நாளுக்குமேல் லாக் எழுதத் தேவைப்படாத டிரைவர்களுக்கும் கருவி கட்டாயமில்லை.

தப்பான லாக், பொய் லாக், ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இந்த வேலைக்கு ஆபத்தானவர். மூன்று வகை இருக்கிறது. டிரெய்லர் எண் விட்டுப் போனது, சரக்குச் சீட்டு எண் இல்லை, அன்றைய லாக்குக்கு ஒப்புதல் கொடுக்கவில்லை, இதெல்லாம் படிவக் குறை. 11 மணிக்குப் பதில் பதினொன்றே முக்கால் மணி ஓட்டி, அதை அப்படியே பதிந்திருந்தால் அது நேர மீறல். தப்புதான், ஆனால் பதிவு நேர்மையானது. நடந்தது ஒன்று, பதிந்தது இன்னொன்று என்றால்தான் பொய் லாக்.

நேர மீறலைவிடப் பொய் லாக்கைச் சட்டம் கடுமையாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மீறல் தெரிந்தால் அட்டவணையைத் திருத்தலாம். பொய் லாக்கில் கோளாறு எங்கே என்றே தெரியாது. நேர்மையாக மீறலைப் பதிந்த டிரைவரையும் பொய் எழுதியவரையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டினால், அடுத்த தடவை நேர்மையானவரும் பொய்தான் எழுதுவார்.

ஏன் பொய் எழுதுறாங்க? தூங்கினா அவங்களுக்குத்தானே நல்லது?

கூலி எப்படி வருகிறது என்று பாருங்கள். நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மைல் கணக்கில்தான் சம்பளம். வண்டி நின்றால் காசு நிற்கும். கிடங்கில் 5 மணி நேரம் காக்க வைத்தால் பல நேரம் ஒன்றும் கிடைக்காது, அல்லது முதல் சில மணி போக மீதிக்குச் சொற்பமாக வரும். ஆனால் முதல் பதிலில் சொன்னபடி 14 மணிக் கடிகாரம் அந்தக் காத்திருப்பிலும் ஓடிக்கொண்டே இருக்கும். யாரோ ஒரு கிடங்கு மேலாளர் தின்றுவிட்ட நேரத்தை டிரைவர் தன் தூக்கத்திலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறார்.

அடுத்தது நிறுத்த இடம். இரவு 8 மணிக்கு நேரம் முடிகிறது, நெடுஞ்சாலை ஓர நிறுத்தங்கள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. எங்கே நிறுத்துவது? இன்னும் 40 நிமிடம் ஓட்டினால் இடம் கிடைக்கும், ஓட்டினால் மீறல். அப்போது விரல் தானாகவே வேறொரு பொத்தானுக்குப் போகிறது. அது எந்தப் பொத்தான் என்று கீழே வருகிறது.

காலக்கெடுவும் ஒரு காரணம். காலை 7 மணிக்கு வந்தாக வேண்டும், தவறினால் அடுத்த நேரம் நாளைக்கு என்று சொல்லும் கிடங்குகள் உண்டு. சோம்பேறித்தனத்தால் பொய் லாக் எழுதியவரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது வேறொருவர் போட்ட அட்டவணையின் நிழல்.

ஒரு லாக் பொய்யின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உள்ளே பார்த்தா எல்லாம் சரியாத்தானே இருக்கு?

உள்ளே மட்டும் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், அப்படித்தானே செய்திருப்பார்கள். லாக்கை வேறொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கென்றே ஆதார ஆவணங்கள் என்று விதி ஐந்து வகையைச் சொல்கிறது: சரக்குச் சீட்டும் பயணத் திட்டமும், டிஸ்பாட்ச் (வண்டிக்கு லோடும் நேரமும் ஒதுக்கும் பிரிவு) பதிவு, செலவு ரசீது, டிரைவரோடு நடந்த மின்னணுச் செய்திப் பரிமாற்றம், சம்பளக் கணக்கு. ஒரு நாளுக்கு 8 ஆவணம் வரை கம்பெனி வைத்திருக்க வேண்டும். டிரைவர் 13 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். லாக்கும் ஆவணமும் 6 மாதம் பத்திரமாக இருக்க வேண்டும்.

முதலில் ஓடோமீட்டரைப் பாருங்கள். எஞ்சின் அணைந்தபோது 412300, அடுத்த முறை உயிர் பெற்றபோது 412475 என்றால், இடையில் 175 மைல் யாரோ ஓட்டியிருக்கிறார்கள், கருவி அதைப் பார்க்கவில்லை. அடுத்தது சராசரி வேகம். 310 மைல் தூரத்தை 4 மணி நேரத்தில் கடந்ததாக லாக் சொல்கிறது, அப்படியானால் மணிக்கு 77 மைலுக்கு மேல். அந்த வண்டியின் வேகத்தைக் கம்பெனியே 65-ல் பூட்டியிருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. அப்புறம் சரக்குச் சீட்டில் உள்ள உள்வரவு, வெளியேற்ற நேரம், சுங்கச் சாவடிப் பதிவு, எடைமேடைச் சீட்டு. ஸ்லீப்பரில் தூங்கிக்கொண்டிருந்தவர் எடைமேடையில் கையெழுத்துப் போட முடியாது.

என்னுடைய அனுபவத்தில், அளவுக்கு மீறி ஒழுங்கான லாக்கை முதலில் எடுத்துப் பார்ப்பது நல்லது. தினமும் சரியாக 30 நிமிடம் இடைவேளை, தினமும் சரியாக 15 நிமிடம் வண்டிச் சோதனை, எந்தக் கிடங்கிலும் 20 நிமிடத்துக்குமேல் காத்திருந்ததே இல்லை என்றால், அப்படி ஒரு வாழ்க்கை எந்த லாரி டிரைவருக்கும் வாய்த்ததில்லை.

டீசல் ரசீதுல மணி வேற, லாக்ல மணி வேற. பிடிச்சாச்சு இல்லையா?

அவசரப்பட வேண்டாம். டிரைவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் லாக் அவருடைய சொந்த டெர்மினலின், அதாவது அவர் வழக்கமாக வேலைக்குக் கிளம்பும் கம்பெனி நிலையத்தின், நேரப்படிதான் ஓடும். டெர்மினல் சிகாகோவில் என்றால், நெவாடாவின் ரீனோ நகரில் இரவு 9:10-க்குப் போட்ட டீசல், லாக்கில் 11:10-க்கு இருக்க வேண்டும். அது 9:10-க்கு இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அரிசோனாவின் பெரும்பகுதி கோடைகால நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை, ஆகவே அங்கே கணக்கு பருவத்துக்குப் பருவம் மாறும்.

ரசீதில் இருப்பது டீசல் போட்ட நேரமா, டீசல் கார்டு கம்பெனி கணக்கில் ஏற்றிய நேரமா என்பதையும் பாருங்கள். அந்த கார்டு அன்றைக்கு அந்த வண்டியில்தான் இருந்ததா என்பதும் ஒரு கேள்வி. ஒரே ஒரு முரணை வைத்து யாரையும் பொய்யர் என்று எழுதாதீர்கள். இரண்டு தனித்தனி ஆதாரம் ஒரே பக்கம் கை காட்டினால் எழுதுங்கள். அதற்கு முன் டிரைவரிடம் கேளுங்கள், பாதிக் குழப்பம் அந்தப் பேச்சிலேயே தீர்ந்துவிடும்.

பர்சனல் கன்வேயன்ஸ் போட்டா எவ்வளவு வேணா ஓட்டலாமாமே?

மேலே சொன்ன பொத்தான் இதுதான். வேலையிலிருந்து முழுக்க விடுபட்ட டிரைவர், லாரியைத் தன் சொந்தக் காரியத்துக்கு ஓட்டினால் அது ஆஃப் டியூட்டி. சாப்பிடப் போவது, விடுதிக்குப் போவது போன்றவை. 2018-ல் வந்த விளக்கம், சரக்கு ஏறியிருந்தாலும் இது செல்லும் என்றது. இத்தனை மைல்தான் என்று எல்லையும் வைக்கவில்லை. கிடங்கில் நேரம் முடிந்துவிட்டால் பாதுகாப்பாக ஓய்வெடுக்கக்கூடிய பக்கத்து இடத்துக்குப் போகவும் இதைப் பயன்படுத்தலாம்.

சோதனை ஒன்றே ஒன்று: அந்த ஓட்டத்தால் சரக்கு போய்ச் சேர வேண்டிய இடம் நெருங்கியதா, அடுத்த லோடு நெருங்கியதா? வழியில் இரண்டு நல்ல நிறுத்தங்களைத் தாண்டி, மறுநாள் போக வேண்டிய திசையில் 60 மைல் ஓட்டிவிட்டுச் சொந்தக் காரியம் என்றால் ஏற்க மாட்டார்கள். இந்த நிலையில் கருவி இடத்தைத் துல்லியமாகப் பதியாது, சுமார் 10 மைல் வட்டத்தில்தான் காட்டும். அதனால் அந்த ஓட்டத்தின் தொடக்க ஓடோமீட்டரையும் முடிவு ஓடோமீட்டரையும் வைத்துப் பாருங்கள். கம்பெனி தன் பங்குக்கு மைல் வரம்பு வைக்கலாம், முழுக்கத் தடையும் செய்யலாம். வரம்பு வைத்த கம்பெனிகளில் உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

'அடையாளம் தெரியாத ஓட்டம்'னு நிறைய வருது. அதை யார் தலையில போடறது?

யாரும் உள்நுழையாமல் வண்டி நகர்ந்தால் கருவி அதை அந்தக் கணக்கில் சேர்த்து வைக்கும். அடுத்து உள்நுழையும் டிரைவரிடம் இது நீயா என்று கேட்கும். அவர் இல்லை என்றால் கம்பெனி அதை ஒரு டிரைவருக்கு ஒதுக்க வேண்டும், அல்லது ஏன் ஒதுக்கவில்லை என்று குறிப்பு எழுத வேண்டும். மெக்கானிக் பட்டறைக்குள் நகர்த்தியது, யார்டில் வேறொருவர் இடம் மாற்றியது என்றால் குறிப்பு போதும். நெடுஞ்சாலையில் 200 மைல் என்றால் மெக்கானிக் கதை செல்லாது. யார் தலையிலாவது போட்டுப் பட்டியலைக் காலி செய்வது நீங்களே ஒரு பொய் லாக் எழுதுவதற்குச் சமம்.

இதோடு பிறந்த இன்னொரு வித்தைக்குப் பெயர் 'இல்லாத ஆள்'. வண்டியில் ஒரே டிரைவர், கருவியில் இரண்டு பெயர். முதல் பெயரின் 11 மணி முடிந்ததும் இரண்டாவது பெயரில் நுழைந்து ஓட்டுவார். இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் போயிருக்கிறதா, அவருடைய கார்டில் வழியில் ஏதாவது வாங்கியிருக்கிறாரா, சரக்குச் சீட்டில் எப்போதாவது அவர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஆவி சாப்பிடாது, கையெழுத்தும் போடாது.

கருவி கெட்டுப்போச்சுன்னு சொல்றார். நம்பலாமா?

கெட்டுப்போவது உண்மையிலேயே நடக்கிறது. டிரைவர் 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், காகித லாக்குக்கு மாற வேண்டும், அன்றைய நாளையும் முந்தைய 7 நாளையும் கையில் காட்டக்கூடிய வடிவில் வைத்திருக்க வேண்டும். கம்பெனிக்குச் சரிசெய்ய 8 நாள். ஒரே டிரைவருக்கு மட்டும், நீண்ட லோடு வரும்போது மட்டும் கெட்டுப்போனால் விசாரியுங்கள்.

ரோட்டுல பிடிபட்டா என்ன ஆகும்?

அதிகாரி கேட்டால் டிரைவர் தன் பதிவுக் கோப்பைக் கருவியிலிருந்தே அனுப்பிக் காட்ட வேண்டும். அன்றைய நாளும் முந்தைய 7 நாளும் அதில் இருக்கும். பொய் என்று தெரிந்தால் பெரும்பாலும் அங்கேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள், 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் ஓட்டலாம். மீறல் கம்பெனியின் பாதுகாப்பு மதிப்பெண்ணில் ஏறும். மதிப்பெண் மோசமானால் சோதனை கூடும், காப்பீட்டுக் கட்டணம் ஏறும், நல்ல ஷிப்பர்கள் (சரக்கு அனுப்புபவர்கள்) லோடு தர மாட்டார்கள். அபராதத் தொகை ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது, அதனால் இங்கே எழுதவில்லை.

அனுமதித்த ஓட்டும் நேரத்தை 3 மணி நேரத்துக்குமேல் தாண்டினால் அது படுமோசமான மீறல் என்ற தனி வகையில் போகும். தெரிந்தே அரசுக்குப் பொய்ப் பதிவு கொடுத்தது கூட்டரசுக் குற்ற வழக்காகவும் மாறலாம். அந்தச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. விபத்தில் உயிர் போயிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது இந்த 6 மாத லாக்கைத்தான்.

தண்டனை டிரைவருக்கு மட்டும்தானா? 'எங்களுக்குத் தெரியாது'ன்னு கம்பெனி சொன்னா?

செல்லாது. டிரைவரை நேரம் கடந்து ஓட்டச் சொல்லவும் கூடாது, ஓட்ட விடவும் கூடாது என்பதுதான் விதியின் வாசகம். கம்பெனியின் கையிலேயே டீசல் ரசீதும் சுங்கக் கணக்கும் இருக்கும்போது பார்க்கவில்லை என்பது சாக்கு ஆகாது. வேக வரம்பை மீறாமல் ஓட்ட முடியாத அட்டவணை போடுவதற்கே தனியாகத் தடை இருக்கிறது.

கம்பெனியை நேரில் தணிக்கை செய்யும்போது சில டிரைவர்களின் லாக்கை மாதிரிக்கு எடுப்பார்கள். ஒரு முக்கிய விதியில் பார்த்த பதிவுகளில் 10 சதவீதமோ அதற்கு மேலோ மீறல் இருந்தால் அதைத் தற்செயலாகக் கருத மாட்டார்கள், கம்பெனியின் பழக்கமாகவே எடுத்துக்கொள்வார்கள். ஓய்வு விதியில் அப்படி ஒரு பழக்கம் தெரிந்தால் தர மதிப்பீட்டில் மற்ற விதிகளைவிட இரட்டிப்பு எடை.

அப்போ கம்பெனிக்குள்ள எப்படி அமல்படுத்தறது? பொய் எழுதினவரை உடனே நிறுத்திடலாமா?

நிறுத்தலாம். ஆனால் அதே லோடு நாளைக்கு இன்னொருவருக்குப் போகும், அவரும் அதே பொய்யை எழுதுவார். பொய் லாக் கிடைத்தவுடன் நான் முதலில் கேட்பது அந்த லோடுக்கு யார் என்ன நேரம் குறித்தார்கள் என்பதைத்தான். கிடங்கில் எவ்வளவு காக்க வைத்தார்கள், டிரைவர் தாமதம் என்று செய்தி அனுப்பினாரா, அதற்கு டிஸ்பாட்சர் என்ன பதில் போட்டார்? ஒரே வழித்தடத்தில் நாலு டிரைவர்கள் பொய் எழுதியிருந்தால் குற்றவாளி வழித்தடம்தான்.

எனக்குச் சரியென்று படுவது இது. படிவக் குறைக்குத் திருத்தச் சொல்லி ஒரு செய்தி போதும். நேர்மையாகப் பதிந்த நேர மீறலுக்கு டிரைவரும் டிஸ்பாட்சரும் சேர்ந்து உட்கார்ந்து காரணம் எழுத வேண்டும். பொய்க்கு முதல் முறை எழுத்து எச்சரிக்கையும் பயிற்சியும், அடுத்த முறை வண்டியிலிருந்து இறக்குவது. டிஸ்பாட்சரின் பெயரும் அதே அறிக்கையில் வர வேண்டும். இந்தக் கடைசி வரிக்குத்தான் கம்பெனிகள் தயங்கும். தண்டிப்பதை எல்லா லாக்கிலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அதிக மைல் ஓட்டித் தருபவரைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அந்தச் சேதி ஒரே வாரத்தில் எல்லா வண்டிக்கும் போய்விடும்.

காத்திருப்புக்குக் காசு கொடுப்பதும் அமலாக்கம்தான். 5 மணி நேரக் காத்திருப்புக்குச் சம்பளம் உண்டு என்றால் அதை ஆஃப் டியூட்டி என்று மறைக்க டிரைவருக்கு ஆசை பாதி போய்விடும். மீதிப் பாதி அந்த 70 மணிக் கணக்கால் வருவது, அதற்கு அட்டவணையைத்தான் தளர்த்த வேண்டும்.

லாக் சுத்தமா இருக்கு, ஆனா டிரைவர் தூக்கக் கலக்கத்துல பேசுறார். விடலாமா?

விடக்கூடாது. நேரக் கணக்கு மிச்சம் இருந்தாலும், களைப்பாலோ நோயாலோ கவனம் குறைந்தவர் ஓட்டக்கூடாது, கம்பெனியும் ஓட்டச் சொல்லக்கூடாது என்று தனி விதி இருக்கிறது.

2014 ஜூன் 7 அன்று நியூஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையில், சாலை வேலை நடக்கும் பகுதியில் மெதுவாக நகர்ந்த வாகனங்கள் மீது ஒரு லாரி மோதியது. ஒருவர் இறந்தார், நகைச்சுவை நடிகர் டிரேசி மார்கன் படுகாயமடைந்தார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, டிரைவர் 28 மணி நேரம் தூங்காமல் இருந்தது தெரிந்தது. வேலைக்கு வரும் முன்பே ஜார்ஜியாவில் இருக்கும் வீட்டிலிருந்து டெலவேருக்குச் சுமார் 12 மணி நேரம் சொந்த வண்டியில் வந்திருக்கிறார். அந்தப் பயணம் எந்த லாக்கிலும் வராது. விபத்து நடந்த நேரத்தில் அவருடைய 14 மணி முடிந்திருக்கவில்லை. ஓய்வு 10 மணி என்று லாக் சொன்னால், அந்த 10 மணியில் அவர் என்ன செய்தார் என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

ஐரோப்பாவுல இந்தப் பிரச்சினையே இல்லையாமே?

உண்டு, வடிவம் வேறு. அங்கே ஓட்டிய நேரத்தையும் வேகத்தையும் பதியும் டாகோகிராஃப் என்ற கருவி பல பத்தாண்டுகளாகக் கட்டாயம். 2006 மே முதல் புதிய வண்டிகளுக்கு டிஜிட்டல் வகை வந்தது. நாளுக்கு 9 மணி ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் 10 மணி. நாலரை மணி ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை. இரண்டு வாரத்தில் 90 மணிக்குமேல் கூடாது. அங்கே சென்சாரில் காந்தம் வைப்பது, கருவியில் அடுத்தவரின் டிரைவர் கார்டைச் செருகுவது போன்ற வித்தைகள் வந்தன. அதனால் 2019 முதல் புதிய வண்டிகளில் வரும் டாகோகிராஃபில், முறைகேட்டின் அறிகுறிகளைச் சாலையோரத்திலிருந்தே வண்டியை நிறுத்தாமல் கம்பியின்றிப் படிக்கும் வசதி சேர்ந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் அல்லது விதியை மீறத் தூண்டும் விதத்தில் தூரத்தையோ சரக்கின் அளவையோ வைத்துச் சம்பளம் கொடுக்க அங்கே தடை இருக்கிறது. பொய் ஏன் பிறக்கிறது என்ற கேள்வியைச் சட்டமே கேட்டிருக்கிறது.

டிஸ்பாட்சர் 'நீ ஓட்டு, லாக்கைப் பார்த்துக்கலாம்'னு சொன்னா டிரைவர் என்ன செய்யலாம்?

ஓட்டினால் விதி மீறல் ஆகும் என்பதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும், செய்தியாக அனுப்பினால் இன்னும் நல்லது. 2016 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் வற்புறுத்தல் தடை விதிக்கு, டிரைவர் மறுத்துச் சொன்னது முக்கியமான ஆதாரம். சொன்ன பிறகும் லோடு தர மாட்டேன், வேலை போகும் என்று மிரட்டினால், 90 நாளுக்குள் கூட்டரசு லாரிப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் புகார் செய்யலாம். இந்த விதி கம்பெனியோடு நிற்காமல் ஷிப்பர், சரக்கைப் பெறுபவர், தரகர் எல்லாரையும் பிடிக்கும். மறுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளர் துறையின் ஓஷா அமைப்பில் 180 நாளுக்குள் தனிப் புகார்.

நாங்க இங்கே உட்கார்ந்து லாக்கை எடிட் பண்றோம். அது தப்பா? எங்க மேல ஏதாவது வருமா?

எடிட் செய்வதே தப்பு இல்லை. கம்பெனி தரப்பில் திருத்தம் முன்மொழியலாம், காரணம் எழுத வேண்டும், டிரைவர் ஏற்று ஒப்புதல் தர வேண்டும். பழைய பதிவு அழியாமல் அடியில் இருக்கும், யார் கணக்கிலிருந்து திருத்தம் வந்தது என்பதும் இருக்கும். கருவி தானாகப் பதிந்த ஓட்டும் நேரத்தைக் குறைக்க முடியாது. இருவர் மாறி மாறி ஓட்டும் வண்டியில் உள்நுழைவு மாறிப்போனால் சரியான ஆளுக்கு மாற்றலாம், அவ்வளவுதான். சாப்பாட்டு இடைவேளையை ஆன் டியூட்டியிலிருந்து ஆஃப் டியூட்டிக்கு மாற்றுவது, விட்டுப்போன டிரெய்லர் எண்ணைச் சேர்ப்பது, இதெல்லாம் நியாயமான எடிட்.

கருவி விற்றவரின் பின்வாசல் வழியாக ஓட்டிய நேரத்தையே அழித்து, மைல் கணக்கையும் மாற்றி, டிரைவருக்குப் புதிதாக 11 மணி கொடுக்கும் சேவை ஒன்று இருக்கிறது. கருவி விதிப்படி இருக்கிறது என்று தயாரிப்பாளரே சான்று சொல்லிப் பதிந்துகொள்ளும் முறையில் தொடங்கியதால், இந்தப் பின்வாசலுக்கு இடம் கிடைத்தது. பிடிபட்ட கருவிகளைக் கூட்டரசு லாரிப் பாதுகாப்பு நிர்வாகம் தன் பட்டியலிலிருந்து நீக்குகிறது, நீக்கினால் கம்பெனிகள் பொதுவாக 60 நாளுக்குள் வேறு கருவி மாற்ற வேண்டும். அழித்த மைல்களை எஞ்சினின் சொந்த ஓடோமீட்டரும் டீசல் கணக்கும் காட்டிக்கொடுக்கும்.

உங்களிடம் அப்படிக் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். உங்கள் உள்நுழைவை இன்னொருவருக்குத் தராதீர்கள். தொலைபேசியில் வரும் எந்தத் திருத்தக் கட்டளையையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்: எந்த டிரைவர், எந்த நாள், எந்த நேரம், எதிலிருந்து எதற்கு, ஏன். எழுத்தில் கேட்டவுடனே பாதிக் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.